துக்க வீட்டுல பிரசங்கம் பண்றது எப்படி?

ஞாயித்துக்கிழமை பிரசங்கத்துக்கு ஒரு வாரம் டைம் இருக்கு, சாவு வீட்டுக்கு சில மணி நேரம்தான், அதுவும் திருநெல்வேலி பக்கம் சேகரம்னா ஒரே ஐயருக்குக் (போதகருக்கு) கீழ பல ஊர் சபை இருக்கும், ஊர் சபையைப் பாத்துக்கிற உபதேசியார்கிட்ட இருந்து போன் வந்ததும் கிளம்பணும். புதுசா வர்ற குருமாருக்குத்தான் இதை எழுதுறேன்.

போனதும் பைபிளைத் திறக்காதீங்க. பைபிள்ல, பிள்ளைங்களைப் பறிகொடுத்த யோபுவைப் பாக்க வந்த நண்பர்கள் 7 நாள் பேசாம தரையில உக்காந்திருந்தாங்க, வாயைத் திறந்த பிறகுதான் எல்லாம் கெட்டுச்சு. நீங்களும் உக்காருங்க, இறந்தவங்களைப் பத்திக் கேளுங்க, பேரு, பிள்ளைங்க பேரு, பிடிச்ச பாட்டு எல்லாத்தையும் பேப்பர்ல எழுதிக்கோங்க, அடக்க ஆராதனையில பேரை மாத்திச் சொன்னா அந்தக் குடும்பம் மறக்கவே மறக்காது.

பிரசங்கம் 10 நிமிஷம் போதும். யோவான் சுவிசேஷம் 11-ம் அதிகாரம் எடுக்கலாம். இறந்துபோன நண்பர் லாசருவோட கல்லறைக்குப் போறப்போ இயேசுவே அழுதாரு, அதனால அழறவங்களை அதட்டாதீங்க. சின்னப்பிள்ளை சாவு, தற்கொலைன்னா "இது தேவசித்தம்"னு தயவுசெஞ்சு சொல்லாதீங்க, பெத்தவங்களுக்கு அது ரணம், ஏன்னு தெரியலன்னா தெரியலன்னே சொல்லலாம். சபைக்குக் கட்ட வேண்டிய சங்கக் காணிக்கை பாக்கிப் பேச்சை அங்க எடுக்கவே கூடாது.

கூட்டம் கலைஞ்சு ரெண்டு வாரம் கழிச்சு அந்த வீட்டுக்கு இன்னொருக்கா போங்க, அப்போதான் அவங்க மனசு விட்டுப் பேசுவாங்க. வருஷ நினைவு நாளையும் டைரியில குறிச்சு வைங்க.