இங்கிலாந்துக்கு நர்ஸ் வேலைக்கு வந்திருக்கிறீர்களா? முதல் மாதமே சங்கத்தில் சேருங்கள்

ஆஸ்கி என்ற செயல்முறைத் தேர்வு முடிந்து, நர்ஸ்களைப் பதிவு செய்து கண்காணிக்கும் அமைப்பான என்எம்சியின் பின் நம்பர் (பதிவு எண்) வந்துவிட்டால், அப்புறம் வார்டு வேலை உங்களை விழுங்கிவிடும். அதற்குள் செய்துவிட வேண்டியது ஒன்று உண்டு: தொழிற்சங்கத்தில் சேருவது. 1916ல் தொடங்கிய ராயல் காலேஜ் ஆஃப் நர்ஸிங் இருக்கிறது, யூனிசன் இருக்கிறது. எது என்பது உங்கள் விருப்பம். பிரச்சினை வந்த பிறகு சேர்ந்தால் அந்தப் பிரச்சினைக்குப் பொதுவாக உதவி கிடைக்காது, அதனால்தான் அவசரப்படுத்துகிறேன்.

என்எம்சி நம்மைப் பார்த்துக்கொள்ளும் என்று நம்மவர்கள் பலர் நினைக்கிறார்கள். அதன் வேலை நோயாளிகளின் பாதுகாப்பு. உங்கள் மேல் புகார் வந்தால் விசாரிப்பதே அதுதான். அப்போது உங்கள் பக்கம் நின்று பேச சங்கம் வேண்டும்.

"சங்கம், புகார் என்று போனால் விசா போய்விடும்" என்று யாராவது கண்டிப்பாகச் சொல்வார்கள். நம்பாதீர்கள். விசாவை ரத்து செய்வது உள்துறை அலுவலகம், உங்கள் மேலாளர் அல்ல. சங்கத்தில் இருப்பதற்காக வேலையை விட்டு நீக்குவது சட்டவிரோதம். 2022 டிசம்பரில் நர்ஸ்கள் வேலைநிறுத்தம் செய்தபோது ஸ்பான்சர் விசாவில் (வேலை தருபவரின் பொறுப்பில் கிடைக்கும் விசா) இருந்தவர்களுக்கும் அதில் சேர உரிமை இருந்தது.

அடுத்தது, எழுதிவைக்கும் பழக்கம். ஆள் பற்றாக்குறையான இரவில் பல்லைக் கடித்துக்கொண்டு சமாளித்துவிட்டு, காலையில் வாய் திறக்காமல் வீட்டுக்குப் போவது நம்மிடம் ஊறிப்போனது. இங்கே அது உங்களுக்கே ஆபத்து. பொறுப்பு நர்ஸிடம் உடனே சொல்லுங்கள். ஷிஃப்ட் முடியும் முன் டேட்டிக்ஸ் என்ற சம்பவப் பதிவு மென்பொருளிலோ, உங்கள் மருத்துவமனையில் இருக்கும் வேறு சம்பவப் பதிவிலோ போடுங்கள். "மிகவும் கஷ்டமாக இருந்தது" என்று எழுதினால் பயனில்லை. "28 நோயாளிகள், பதிவுபெற்ற நர்ஸ் 2 பேர். இரவு 10 மணி ஆன்டிபயாட்டிக் 11:20க்குத்தான் கொடுக்க முடிந்தது. 10:15க்கு சைட் மேனேஜரிடம் சொன்னேன்" என்று எழுதுங்கள். நோயாளியின் பெயர் வேண்டாம், யாரையும் திட்டவும் வேண்டாம். நோயாளிக்கு ஆபத்து என்று தெரிந்தால் தாமதிக்காமல் சொல்ல வேண்டும் என்பது என்எம்சி நடத்தை விதியின் 16ஆவது பிரிவு. ஆக, இது உங்கள் கடமை. மேலாளரிடம் சொல்ல முடியாத நிலை என்றால், என்எச்எஸ் (அரசு மருத்துவச் சேவை) மருத்துவமனைகளை நடத்தும் ட்ரஸ்டுகளில் 'ஃப்ரீடம் டு ஸ்பீக் அப் கார்டியன்' ஒருவர் இருப்பார்; ஊழியர்கள் பயமில்லாமல் குறைகளைச் சொல்ல உதவுபவர் அவர். என்எச்எஸ் ஊழியர்கள் குறைகளைச் சொல்வது பற்றி வழக்கறிஞர் சர் ராபர்ட் ஃபிரான்சிஸ் 2015ல் தந்த அறிக்கைக்குப் பிறகு வந்த பொறுப்பு அது.

ஓய்வும் சட்டப்படி உங்களுடையது. 6 மணி நேரத்துக்கு மேல் வேலை என்றால் 20 நிமிட இடைவேளை. இரண்டு ஷிஃப்டுக்கு நடுவில் 11 மணி நேரம். அது குறைந்தால் ஈடாக வேறு ஓய்வு தர வேண்டும்.

தூக்கம் வரவில்லை, வேலைக்குக் கிளம்பும்போதே அழுகை வருகிறது என்றால் அதை வீட்டு நினைப்பு என்று ஒதுக்கிவிடாதீர்கள். ஊழியர்களின் உடல்நலம், மனநலத்தைக் கவனிக்கும் ஆக்குபேஷனல் ஹெல்த் பிரிவுக்குப் போகலாம். என்எச்எஸ் டாக்கிங் தெரபீஸ் என்ற மனநல ஆலோசனைச் சேவையில் டாக்டர் கடிதம் இல்லாமல் நீங்களே பதியலாம். நடுராத்திரியில் யாரிடமாவது பேச வேண்டும் போலிருந்தால் சமாரிட்டன்ஸ் உதவி மையத்தின் எண் 116 123, கட்டணம் இல்லை.

கடைசியாக ஒப்பந்தம். பாதியில் வேலையை விட்டால் பணம் திருப்பித் தர வேண்டும் என்ற ஷரத்து இருக்கிறதா பாருங்கள். நாள் ஆக ஆகத் தொகை குறைய வேண்டும். எதற்கு எவ்வளவு என்பதும் தெளிவாக இருக்க வேண்டும். வேலை வாங்கித் தர ஏஜென்சி உங்களிடம் கட்டணம் வாங்கவே கூடாது. வேலை மாறுவதாக இருந்தால், ராஜினாமா கடிதம் கொடுக்கும் முன் புதிய ஸ்பான்சரை உறுதி செய்துகொண்டு, ஒப்பந்தத்தைச் சங்கத்திடம் காட்டுங்கள்.