விண்வெளி வீரர்கள் கதையில் நாம் சறுக்கும் இடங்கள்

2025 மார்ச்சில் சுனிதா வில்லியம்ஸ் திரும்பி வந்த வாரம், “விண்வெளியில் அதிக நாள் இருந்து உலக சாதனை” என்று எனக்கு ஒரு ஃபார்வர்டு வந்தது. அந்தப் பயணத்தில் அவர் இருந்தது 286 நாள். ஒரே பயணத்தில் அதிக நாள் இருந்தவர் ரஷ்யாவின் வலேரி பொல்யகோவ். 1994 ஜனவரியில் ரஷ்யாவின் மிர் விண்வெளி நிலையத்துக்குப் போனவர், 437 நாள் கழித்துத்தான் இறங்கினார். எல்லாப் பயணங்களையும் கூட்டிப் பார்த்தால் அதிக நாள் இருந்தவர் இன்னொரு ரஷ்யர் ஒலெக் கொனோனென்கோ, 1,111 நாள். இந்த இரண்டு கணக்கையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதுதான் அடிக்கடி நடக்கிறது. சுனிதாவுக்கு உண்மையிலேயே ஒரு சாதனை இருக்கிறது: ஒன்பது விண்நடைகளில் (விண்வெளி உடையோடு கலத்துக்கு வெளியே போய் வேலை செய்வது) மொத்தம் 62 மணி 6 நிமிடம், பெண்களில் அதுதான் அதிகம். அதை அந்த ஃபார்வர்டில் காணவில்லை!

சாதனை என்றால் திட்டமிட்டுச் செய்தது என்று எழுதிவிடவும் கூடாது. அமெரிக்க வீரர் ஃபிராங்க் ரூபியோ ஆறு மாதத்துக்கென்று போனவர். அவர் திரும்ப வேண்டிய ரஷ்யாவின் சோயுஸ் கலத்தில் குளிர்விக்கும் திரவம் கசிந்துவிட, 371 நாள் தங்க வேண்டியதாயிற்று. ஒரே பயணத்தில் வேறு எந்த அமெரிக்கரும் அவ்வளவு நாள் இருந்ததில்லை.

அடுத்தது, பழியை அவசரமாக ஆள்மேல் போடுவது. 1961 ஜூலையில் அமெரிக்க வீரர் கஸ் கிரிஸம் விண்வெளியிலிருந்து திரும்பிக் கடலில் இறங்கியதும் கலத்தின் கதவு வெடித்துத் திறந்து, கலம் மூழ்கிப்போனது. பயத்தில் அவரே கதவை வெடித்துத் திறக்கும் பொத்தானை அழுத்திவிட்டார் என்று பேச்சு கிளம்பியது. ஆனால் அந்தப் பொத்தானைக் கையால் அழுத்தினால் கையில் காயம் படும். பின்னால் இன்னொரு வீரர் வால்டர் ஷிர்ரா தன் கலத்தில் வேண்டுமென்றே அழுத்தியபோது அவருக்குப் பட்டது. கிரிஸம் கையில் எதுவும் இல்லை. 1967 ஜனவரி 27 அன்று நிலவுத் திட்டத்தின் அப்பல்லோ 1 கலத்தில் தரையில் நடந்த ஒத்திகையில் தீப்பிடித்தபோது, உள்பக்கமாகத் திறக்கும் கதவைத் திறக்க முடியாமல் இறந்த மூவரில் அவரும் ஒருவர்.

அதற்காக எல்லோரையும் தெய்வமாக்க வேண்டாம். அப்பல்லோ 15 வீரர்கள், ஒரு ஜெர்மன் தபால்தலை வியாபாரிக்காக அனுமதியில்லாத தபால் உறைகளை நிலவுவரை கொண்டுபோய் மாட்டிக்கொண்டார்கள். மூவரும் அதன் பிறகு விண்வெளிக்குப் போகவில்லை.

ஆபத்து என்றதும் விண்கல்லையும் கதிர்வீச்சையும் மட்டும் சொல்லி முடிப்பதுதான் என்னைப் பொறுத்தவரை பெரிய தவறு. 2013 ஜூலை 9 அன்று இத்தாலிய வீரர் லூகா பார்மிட்டானோ விண்நடை முடித்து வந்தபோது ஹெல்மெட்டுக்குள் தண்ணீர் இருந்தது. உடைக்குள் இருக்கும் குடிநீர்ப் பை கசிந்திருக்கும் என்று முடிவு கட்டினார்கள். ஹெல்மெட்டில் கொஞ்சம் ஈரம் இருப்பது அவர்களுக்குப் பழகிப்போன விஷயம். ஒரு வாரத்தில் அதே உடையில் மறுபடி வெளியே போனார். முக்கால் மணி நேரத்தில் பின்தலை நனைந்தது. அப்போதும் சந்தேகம் பையின்மேல்தான். உண்மையில் உடையைக் குளிர்விக்கும் நீர், பம்பில் அடைப்பு ஏற்பட்டதால் காற்றுப் பாதைக்குள் புகுந்துகொண்டிருந்தது. எடையில்லாத இடத்தில் தண்ணீர் கீழே வடியாது, முகத்தில் ஒட்டிக்கொண்டு ஊரும். கண்ணையும் காதையும் மூடி மூக்குவரை வந்துவிட்டது. தன்னை நிலையத்தோடு பிணைத்திருந்த பாதுகாப்புக் கம்பியின் இழுவையை வைத்து வழி தேடி உள்ளே வந்து சேர்ந்தார்.

இப்படிப் பழகிப்போவது புதிதல்ல. 1986இல் சேலஞ்சர் விண்ணோடம் வெடித்ததற்கு முன்பும் ராக்கெட் இணைப்புகளை அடைக்கும் ரப்பர் வளையங்கள் அரிக்கப்பட்டிருந்தன. கல்பனா சாவ்லா இறந்த 2003 கொலம்பியா விபத்துக்கு முன்பும் எரிபொருள் தொட்டியிலிருந்து நுரைத் துண்டுகள் பெயர்ந்து விழுந்துதான் இருக்கின்றன. இதுவரை ஒன்றும் ஆகவில்லையே என்று விட்டுவிட்டார்கள்.

பார்மிட்டானோ தப்பித்த பிறகு நாசா செய்தது எளிமையானது. ஹெல்மெட்டின் பின்பக்கம் தண்ணீரை உறிஞ்சும் ஒரு பஞ்சு அட்டை. அப்புறம், தண்ணீர் நிறைந்தாலும் உடையின் கீழ்ப்பகுதிக் காற்றை இழுத்து மூச்சுவிட ஒரு பிளாஸ்டிக் குழாய்.