தொலைக்காட்சி நாடகம் பார்ப்பவர்களிடம் கருத்துக் கேட்டு எழுதுவது எப்படி?

"அந்த நாடகம் எப்படி?" என்று கேட்டால் "நல்லம்" என்பார்கள், இல்லாவிட்டால் "சும்மா இழுவை" என்பார்கள். பேச்சு அதோடு முடிந்துவிடும். மூன்று வருடமாக ஒரு நாளும் விடாமல் பார்த்தவரிடமிருந்துகூட அந்த ஒரு சொல்தான் கிடைக்கும். பார்ப்பவர் நாடகத்தை ஆள் ஆளாக, காட்சி காட்சியாக மனதில் வைத்திருக்கிறார். நாம் மொத்தமாகக் கேட்டால் அவர் எதைத்தான் சொல்வது? "மண்டபத்தில் அத்தனை பேர் முன்னால் அவள் அந்த உண்மையைச் சொன்னாளே, அப்போது சொல்லியிருக்க வேணுமா?" என்று கேட்டுப் பாருங்கள். எழுதக் கை போதாது.

உயர்தரத்தில் தொடர்பாடலும் ஊடகக் கற்கையும் படிப்பவர்கள், பல்கலைக்கழகத்தில் இறுதியாண்டு ஆய்வு செய்பவர்கள், ஊர் வாசகர் வட்டத்தில் சஞ்சிகை போடுபவர்கள் ஆகியோருக்காக இதை எழுதுகிறோம். மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் இந்த வேலையைச் செய்வதற்கு இங்கேயே கவனிக்க வேண்டிய சில விசயங்கள் இருக்கின்றன. சென்னையில் அச்சிட்ட கேள்விக்கொத்தை அப்படியே கொண்டுவந்து கேட்டால் பாதி பதில் தவறிப்போகும்.

ஒரு நாடகம், ஒரு கிழமை, ஒரு முடிவு

ஐந்து நாடகத்தைப் பற்றி ஒரே தடவையில் கேட்காதீர்கள். நீங்கள் போகப்போகும் பகுதியில் ஒரு பத்து வீட்டில் என்ன ஓடுகிறது என்று முதலில் விசாரியுங்கள். டிஷ், கேபிள் வழியாகச் சன், விஜய், ஜீ தமிழ் நாடகங்கள்தான் பெரும்பாலும் வரும். சில வீடுகளில் இலங்கை அலைவரிசைகளான சக்தியும் வசந்தமும். அதில் கூடப் பேர் பார்க்கும் ஒன்றை எடுத்து, அதன் ஒரு கிழமைப் பகுதிகளை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கிழமைக்குள் ஒரு பாத்திரம் ஏதாவது ஒரு முடிவு எடுத்திருக்க வேண்டும்: வீட்டை விட்டுப் போவது, உண்மையை மறைப்பது, கையெழுத்துப் போடுவது, மன்னிப்பது. முடிவே இல்லாத கிழமையில் கேட்டால் "ஒண்டும் நடக்கல்ல" என்ற பதில்தான் வரும், அது உண்மையும்கூட.

அந்தப் பகுதிகள் எல்லாவற்றையும் நீங்கள் பார்த்தே ஆகவேண்டும். அரை மணி நேர ஒளிபரப்பில் விளம்பரத்தையும் முன்கதையையும் கழித்தால் இருபது நிமிடமளவில் மிஞ்சும், ஆகவே ஒரு கிழமைக்கு இரண்டு மணித்தியாலம் போதும். பார்க்கும்போது காட்சிக்கு ஒரு வரி எழுதுங்கள்: யார், எங்கே, என்ன முடிவு. வேறொரு தாளில் பாத்திரங்களின் குடும்ப மரத்தை வரைந்து வையுங்கள். இது கட்டாயம். எங்கள் பக்கத்தில் "மச்சாள்" என்றால் அண்ணன் மனைவியும் அவள்தான், கணவனின் சகோதரியும் அவள்தான், மாமன் மகளும் அவள்தான். "அந்த மச்சாள்காரி செய்தது அநியாயம்" என்று ஒருவர் சொன்னதும், அந்த இடத்திலேயே பாத்திரத்தின் பெயரை ஓரத்தில் குறிக்காவிட்டால் வீட்டுக்கு வந்து தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டிவரும்.

முன்னோட்டத்தையும் தனியாகப் பார்த்து வையுங்கள். முன்னோட்டத்தில் கன்னத்தில் அறை விழும். மறுநாள் பகுதியில் அது கனவாகவோ நினைப்பாகவோ போய்விடும். மழை காலத்தில் டிஷ் இழுக்காமல் இரண்டு நாள் தவறவிட்டவருக்கு அந்த அறை உண்மையாகவே விழுந்ததுதான். அவர் கருத்தை ஒதுக்க வேண்டாம், ஆனால் "பகுதியில் பார்த்தீங்களா, விளம்பரத்தில் பார்த்தீங்களா?" என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

கதை வேறு மொழியிலிருந்து வந்ததா என்றும் தேடிப்பாருங்கள். 2020இல் விஜயில் தொடங்கிய 'பாக்கியலட்சுமி', வங்காள மொழியில் வந்த 'ஸ்ரீமோயி' நாடகத்தின் மறு ஆக்கம். "எங்கட குடும்பங்களில் இப்படி நடக்காது" என்று ஒருவர் சொன்னால், அவருடைய உறுத்தல் தமிழில் எழுதியவர் சேர்த்ததிலா, மூலக் கதையிலேயே இருந்ததிலா என்று பிரித்துக் காட்ட இது உதவும்.

யாரிடம், எப்போது

பன்னிரண்டு பேர் குறைந்தது, இருபது பேர் உச்சம். அதற்கு மேல் போனால் கேட்டு எழுதி முடியாது: ஒரு மணித்தியாலப் பேச்சை எழுத்தில் இறக்க நாலு முதல் ஆறு மணித்தியாலம் எடுக்கும். மட்டக்களப்பு வாவியின் கிழக்குப் பக்கமான எழுவான்கரையில் மட்டும் நின்றுவிடாமல் மேற்குப் பக்கமான படுவான்கரைக்கும் போங்கள். அம்பாறை மாவட்டத்தில் செய்வதென்றால் காரைதீவு, திருக்கோவில், தம்பிலுவில் போல சாய்ந்தமருது, மருதமுனை, அக்கரைப்பற்று வீடுகளும் வேண்டும். ஒரே நாடகத்தைத் தமிழர் வீட்டிலும் முஸ்லிம்கள் வீட்டிலும் பார்க்கிறார்கள்.

நாடகம் ஓடும் நேரத்தில் போகவே கூடாது. இந்தியாவுக்கும் நமக்கும் கடிகாரம் ஒன்றுதான், அங்கே ஒன்பது மணி நாடகம் இங்கேயும் ஒன்பது மணிக்குத்தான். மறுநாள் காலை சமையலுக்கு முன், அல்லது பின்னேரம் நாலு மணியளவு நல்லது. வெள்ளிக்கிழமை நடுப்பகல், நோன்பு மாதத்துப் பின்னேரம், வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கு நடக்கும் நாட்கள், வெள்ளாமை வெட்டுக் காலம் ஆகியவற்றைத் தவிருங்கள்.

குழுவாகக் கேட்பதானால் ஆறு பேர், மிஞ்சினால் எட்டுப் பேர். தாயையும் மகளையும் ஒரே குழுவில் வைக்காதீர்கள். தாய் சொன்னதற்கு மகள் "ஓம்" போட்டுவிட்டு இருந்துவிடுவாள். சத்தமாகக் கதைக்கும் ஒருவர் எல்லாக் குழுவிலும் இருப்பார். அவரை நிறுத்த முயல வேண்டாம். கேள்வியை எதிர்ப் பக்கத்தில் இருப்பவரிடம் முதலில் கேட்டு, அவரிடம் கடைசியில் வாருங்கள்.

ஆண்களிடம் "பார்ப்பீங்களா?" என்று கேட்டால் "இல்ல" என்ற பதில் ஆயத்தமாக இருக்கும். "வீட்டில ஓடும்போது காதில விழுந்ததை வைச்சுச் சொல்லுங்க" என்று தொடங்கினால் கதை முழுவதும் அவர்களுக்குத் தெரிந்திருப்பது வெளியே வரும். கணவன் பக்கத்தில் இருக்கும்போது மனைவியிடம் கணவன்-மனைவிக் காட்சியைப் பற்றிக் கேட்காதீர்கள். அந்தப் பதிலால் பயன் இல்லை.

மூன்று கேள்வி

முதலாவது, காட்சியை அவரையே சொல்லச் சொல்லுங்கள். "அன்றைக்கு என்ன நடந்தது?" அவர் எதை விட்டுவிட்டுச் சொல்கிறார், யாரிலிருந்து தொடங்குகிறார் என்பதிலேயே பாதிக் கருத்து இருக்கிறது. இரண்டாவது, "அந்த இடத்தில் அவள் வேறு என்ன செய்திருக்கலாம்?" மூன்றாவது, "அவள் உங்கட மகளாயிருந்தால்?" இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் வரும் பதில் அடிக்கடி முரண்படும். மற்றவளாக இருந்தால் "விட்டிட்டுப் போகவேணும்", மகளாக இருந்தால் "கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாம்". இரண்டையும் எழுதுங்கள், ஒன்றைத் திருத்தி மற்றதோடு பொருத்தாதீர்கள்.

"வில்லி கெட்டவள்தானே?" என்று முடிவைச் சேர்த்துக் கேட்கும் கேள்வி பெரிய பிழை. மூத்தவர்கள் மரியாதைக்காகவே "ஓம் மகள்" என்றுவிடுவார்கள். கேள்வி கேட்டபின் பேசாமல் இருங்கள். அவர் யோசிக்கும் அந்த நேரத்தில் அடுத்த கேள்வியைப் போட்டுக் கெடுப்பதுதான் புதிதாகக் கேட்பவர்கள் எல்லோரும் செய்வது.

வீடு யாருடையது?

எல்லாவற்றிலும் கூடக் கவனிக்க வேண்டியது இது. தமிழ்நாட்டு நாடகக் கதை பெரும்பாலும், மருமகள் மாமியார் வீட்டுக்குள் கால் வைப்பதிலிருந்து தொடங்குகிறது. சமையலறை மாமியாருடையது, சாவி மாமியாருடையது, மருமகளுக்குப் போக்கிடம் இல்லை. கதையின் இறுக்கம் முழுவதும் அதில்தான் நிற்கிறது. கிழக்கில், தமிழரிடமும் முஸ்லிம்களிடமும், மகளுக்கு வீடு கொடுத்துக் கலியாணம் செய்வதுதான் வழக்கம். மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருகிறார். ஆகவே நம் பார்வையாளர் அதே காட்சியை வேறு கண்ணால் பார்க்கிறார். பேச்சு இப்படிப் போகும்:

"மாமி, அவ எதிர்த்துக் கதைச்சது சரியா?"

"சரியோ பிழையோ, அது ஆர்ர வீடு கா? அவள்ர வீடில்லியே. தாய்ர வீட்ட போய் இரிக்கலாம்தானே."

இதைக் கேட்டு "மருமகள் அடங்கிப்போக வேண்டும் என்கிறார்" என்று எழுதினால் தப்பு. "துணிந்து வெளியேறச் சொல்கிறார்" என்று எழுதினாலும் அரைகுறை. அவர் சொல்வது வீட்டுரிமையைப் பற்றி: பெண்ணுக்கு ஒரு வீடு இருக்க வேண்டும், அது இருந்தால் இந்தச் சண்டைக்கே இடமில்லை. அடுத்த கேள்வியாக "அவக்குத் தாய் வீடு கொடுத்திருந்தால் கதை எப்படிப் போயிருக்கும்?" என்று கேளுங்கள். அங்கேதான் உண்மையான கருத்து திறக்கும், இப்படியான கதைகள் வரும்: அக்காவுக்குக் கட்டிய வீடு பெரிது, தங்கச்சிக்கு அத்திவாரம் மட்டும் நிற்கிறது. மாமியார் வீட்டில் வந்திருக்கும் மருமகனுக்குச் சொல்லுக்கு மதிப்பில்லை. வெளிநாட்டுக் காசில் வீட்டை முடித்த தாய். மாமியார்-மருமகள் சண்டையைவிட அக்கா-தங்கை சொத்துப் பங்குக் காட்சிகள் இங்கே கூடுதலாகச் சுடுவதற்கு இதுதான் காரணம் என்பது எங்கள் கணிப்பு. கேட்கப்போகும் கிழமையில் அப்படி ஒரு காட்சி இருந்தால் அதை விடாதீர்கள்.

எல்லா வீட்டிலும் இந்த வழக்கம் ஒரே மாதிரி இல்லை. ஆகவே பேச்சின் முடிவில், நாடகத்தோடு சேர்க்காமல், "இந்த வீடு யாருக்குக் கொடுத்தது?" என்று பொதுவாகக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். தொடக்கத்தில் கேட்டால் காணி விசாரணை என்று நினைத்து வாயை மூடிவிடுவார்கள்.

நடிகர் வேறு, பாத்திரம் வேறு

2022இல் சன்னில் தொடங்கிய 'எதிர்நீச்சல்' நாடகத்தில் ஆதி குணசேகரனாக நடித்த மாரிமுத்து 2023 செப்டெம்பர் 8ஆம் திகதி காலமானார். பிறகு அந்தப் பாத்திரத்துக்கு வேல ராமமூர்த்தி வந்தார். அந்த நாடகத்தைப் பற்றி "குணசேகரன் முந்தி மாதிரி இல்ல" என்று ஒருவர் சொன்னால் அதற்கு மூன்று பொருள் இருக்கலாம்: நடிப்பு மாறிவிட்டது, எழுத்து மாறிவிட்டது, அல்லது இறந்த மனிதருக்கான கவலை. "அதே வசனத்தை முந்தின ஆள் சொல்லியிருந்தால்?" என்ற ஒரு கேள்வி இதைப் பிரித்துத் தரும். நடிகை மாறிய எந்த நாடகத்துக்கும் இதே முறைதான். வில்லியை எல்லோரும் திட்டுவது எழுத்துக்கும் நடிப்புக்கும் கிடைத்த வெற்றியாகவும் இருக்கலாம், ஆகவே "பிடிக்காது" என்பதன் பக்கத்தில் "ஆளையா, நடிப்பையா?" என்ற குறிப்பு எப்போதும் வேண்டும்.

"இழுவை" என்றால் என்ன

வடமோடி, தென்மோடிக் கூத்தை விடிய விடிய இருந்து பார்த்தவர்கள் நம் ஊர்களில் இன்னும் இருக்கிறார்கள். கதை முழுவதும் தெரிந்தும் களரியை விட்டு எழும்பாதவர்கள். அவர்கள் "இழுவை" என்று சொல்லும்போது நீளத்தைச் சொல்லவில்லை. எது அசையாமல் நின்றது என்று கேளுங்கள். ஒரே இரகசியம் பத்து நாளாக வாசல்வரை வந்து திரும்பிப் போனதா? ஒரே அதிர்ச்சியை ஒவ்வொரு முகமாக மூன்று தரம் காட்டினார்களா? நீங்கள் எழுதி வைத்த காட்சிக் குறிப்பை எடுத்து, ஒரு முடிவிலிருந்து அடுத்த முடிவுக்கு எத்தனை பகுதி போனது என்று எண்ணிப் பக்கத்தில் போடுங்கள். பார்ப்பவர் சொன்னதற்கு அதுதான் சான்று.

எழுத்தில் கொண்டுவருதல்

போனில் பதிவு செய்வதானால் முதலில் அனுமதி கேளுங்கள். காற்றாடிக்குக் கீழே வைக்காதீர்கள். மடித்த துவாயின் மேல், பேசுபவரிலிருந்து ஒரு முழத்துக்குள் வையுங்கள். பதிவை மட்டும் நம்பாமல் ஒரு 80 பக்கக் கொப்பியில் இடப் பக்கம் சொன்னது, வலப் பக்கம் எந்தக் காட்சி என்று எழுதுங்கள். அன்றிரவே பேச்சை எழுத்தில் இறக்கத் தொடங்குங்கள். இரண்டு நாள் போனால் யார் சிரித்துக்கொண்டு சொன்னார், யார் கோபத்தில் சொன்னார் என்பது மறந்துவிடும்.

பிறகு நாலு நிறப் பேனையால் பிரியுங்கள்: பாத்திரத்தின் நடத்தை, நடக்கக்கூடியதா இல்லையா, கதை ஓட்டம், நடிப்பும் இசையும். ஒரு கருத்துக்கு ஒரு பந்தி. முதலில் காட்சியை இரண்டு வரியில் சொல்லுங்கள், நாடகம் பார்க்காத வாசகருக்கும் விளங்க வேண்டும். அடுத்து அவர் சொன்னது, அவர் பேச்சிலேயே. "இரிக்கு" என்றதை "இருக்கிறது" என்று திருத்த வேண்டாம். அதன் பின் அவர் சொன்ன காரணம், பிறகு அதற்கு மாறாக இன்னொருவர் சொன்னது. உங்கள் தீர்ப்பு கடைசியில், உங்களுடையது என்று தெரியும்படி. இருபது பேரிடம் கேட்டுவிட்டு "35 வீதமானோர்" என்று எழுதாதீர்கள். "இருபது பேரில் ஏழு பேர்" என்பதே நேர்மை.

கருத்துச் சொன்னவர்களுக்கு "இது சேனலுக்குப் போகும், கதை மாறும்" என்று சொல்லிவிடாதீர்கள். நாடகங்களின் வார மதிப்பீட்டை பார்க் (BARC) நிறுவனம் இந்திய வீடுகளில் பொருத்திய கருவிகளை வைத்துக் கணிக்கிறது. மட்டக்களப்பு வீட்டுத் தொலைக்காட்சி அந்தக் கணக்கில் இல்லை. நம் சனம் என்ன நினைக்கிறது என்பது நாமே எழுதினால்தான் எங்காவது பதியும் என்பதால் இந்த வேலைக்கு இவ்வளவு கவனம் வேண்டும்.

அச்சுக்கு முன் ஒவ்வொருவருக்கும் அவருடைய பந்தியை வாசித்துக் காட்டுங்கள். எடுக்கச் சொன்னால் எடுத்துவிடுங்கள். பெயரை மாற்றினால் மட்டும் போதாது. "கோயில் வீதியில் தையல் கடை வைத்திருக்கும் 52 வயதுப் பெண்" என்று எழுதினால் ஊரே கண்டுபிடித்துவிடும். "ஐம்பது வயதைத் தாண்டியவர், எழுவான்கரை" என்பது போதும். தொழிலை அந்தக் கருத்துக்குத் தேவைப்பட்டால் மட்டும் சேருங்கள், வேலை முடிந்ததும் பதிவுகளைப் போனிலிருந்து அழித்துவிடுங்கள்.