துடிப்பு வருகிறது, ஆனாலும் குரோனி கண்டுகொள்ளவில்லையா?

ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கணினியில் ஜிபிஎஸ் மாட்யூலை மாட்டி, கணினி நேரத்தை மைக்ரோசெகண்ட் அளவுக்குத் துல்லியமாக வைக்க இறங்குகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் மாட்டிக்கொள்வார்கள்: வயரிங் எல்லாம் சரி, மாட்யூல் நொடிக்கு ஒருமுறை அனுப்பும் பிபிஎஸ் துடிப்பும் வருகிறது, கணினி நேரத்தைச் சரிசெய்யும் மென்பொருளான குரோனி மட்டும் அதைச் சட்டை செய்யாது. கான்ஃபிக் ஃபைலைக் கண்டபடி மாற்றாமல், அடியிலிருந்து ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

முதலில் ஆண்டெனா. வானம் தெரிகிற இடத்தில் வையுங்கள். பல மாட்யூல்களில், சாட்டிலைட் சிக்கியதும் ஒரு குட்டி எல்இடி நொடிக்கு ஒருமுறை மின்னும். அது மின்னும்வரை மென்பொருள் பக்கமே போகாதீர்கள்.

அடுத்தது, துடிப்பு கர்னலுக்கு (இயங்குதளத்தின் மையப் பகுதி) எட்டுகிறதா என்று பார்ப்பது. பிபிஎஸ் வயரை ஜிபிஐஓ 18இல், அதாவது போர்டில் 12ஆவது பின்னில் கொடுங்கள் (3.3 வோல்ட்தான், 5 வோல்ட் கொடுத்தால் பின் செத்துப்போகலாம்). பூட் கான்ஃபிக்கில் பிபிஎஸ் ஓவர்லே வரியில் (துடிப்பு எந்தப் பின்னில் வருகிறது என்று சொல்லும் வரி) போட வேண்டியது ஜிபிஐஓ எண்ணான 18, பலர் 12 என்று போட்டுவிட்டு முழிப்பார்கள். ரீபூட் செய்து துடிப்பைச் சோதிக்கும் பிபிஎஸ்டெஸ்ட் கட்டளையை ஓட்டினால் நொடிக்கு ஒரு வரி, வரிசை எண் ஒவ்வொன்றாக ஏறி வர வேண்டும்.

சரி, இப்போதுதான் அசல் விஷயம். துடிப்பு "நொடி இதோ பிறந்தது" என்று மட்டும்தான் சொல்லும், எந்த நொடி என்று அதற்குத் தெரியாது. அதைச் சொல்வது சீரியல் வழியாக வரும் என்எம்இஏ வரிகள், அதாவது மாட்யூல் நேரத்தையும் இடத்தையும் எழுத்தாக அனுப்பும் வரிகள். 9600 பாட் வேகத்தில் நொடிக்குச் சுமார் 960 எழுத்துகள்தான் நகரும், ஒவ்வொரு வரியும் எழுபது எண்பது எழுத்து, அப்படி ஐந்தாறு வரிகள் வந்து முடிவதற்குள் அரை நொடி ஓடிவிடும். தாமதம் அந்த அளவுக்குப் போனால் குரோனி துடிப்பை ஒதுக்கித் தள்ளும், அல்லது பக்கத்து நொடியோடு சேர்த்துவிடும். பிந்தையதில் கடிகாரம் வெகு துல்லியமாக ஒரு நொடி தப்பாக ஓடும்!

இதற்கு வழி: இணையத்தில் நேரம் சொல்லும் என்டிபி சர்வர்களை அப்படியே விட்டுவைத்து, கான்ஃபிக்கில் என்எம்இஏ வரிக்கு நோசெலக்ட் (கவனி, ஆனால் பின்பற்றாதே) போட்டு, குரோனியின் சோர்ஸ் பட்டியலைக் கொஞ்ச நேரம் கவனியுங்கள். அங்கே அது 420 மில்லிசெகண்ட் பின்தங்கினால், அதை ஈடுகட்ட கான்ஃபிக்கின் என்எம்இஏ வரியில் ஆஃப்செட் 0.42 என்று போடுங்கள். பிறகு எந்த நொடி என்பதை என்எம்இஏவிடமிருந்து எடுத்துக்கொள்ளும்படி பிபிஎஸ்ஸை அதனோடு லாக் செய்து ரீஸ்டார்ட் கொடுங்கள். தேவையில்லாத என்எம்இஏ வரிகளை மாட்யூலிலேயே நிறுத்தினால் இன்னும் நல்லது.

என்எம்இஏ பட்டியலில் உயிரே இல்லாமல் கிடந்தால், மாட்யூலைப் படித்துக் குரோனிக்குத் தரும் ஜிபிஎஸ்டி என்ற மென்பொருள், யாரும் கேட்காததால் சும்மா இருக்கலாம். உடனே வேலையைத் தொடங்கச் சொல்லும் மைனஸ் என் (-n) ஆப்ஷனைக் கொடுங்கள். பிபிஎஸ் பக்கத்தில் நட்சத்திரம் தெரிந்தால் குரோனி அதைத் தேர்ந்தெடுத்துவிட்டது, ரீச் 377 தெரிந்தால் கடைசி எட்டு முறையும் பதில் வந்திருக்கிறது.

அப்புறமும் முழு நொடிக் கணக்கில் வித்தியாசம் இருந்தால், ஜிபிஎஸ் நேரம் உலகப் பொது நேரமான யுடிசியைவிட 18 நொடி முன்னால் ஓடுவது காரணமாக இருக்கலாம். அந்த எண் சாட்டிலைட்டிலிருந்து 12.5 நிமிடத்துக்கு ஒருமுறைதான் வரும், அதுவரை பொறுங்கள். தேதியே கிட்டத்தட்ட இருபது வருடம் பின்னால் காட்டினால் அது 1024 வாரம் ஆனதும் வார எண்ணிக்கை பூஜ்யத்துக்குத் திரும்பும் சுழற்சியில் சிக்கிய பழைய மாட்யூல், புதுசு வாங்குவதுதான் மலிவு.