மடிப்பின் குறுக்கே வெட்டு வரும்போது

கங்கைகொண்டான் சிப்காட்டில் தகட்டு வேலைக்குக் கணினியில் மாடல் வரையும் நண்பர்கள், மடிப்புக் கோட்டைக் கடந்து செல்லும் துளையை மடித்த நிலையிலேயே வெட்டாமல் இருப்பது நல்லது. அப்படி வெட்டினால் வளைவுப் பகுதியில் துளையின் விளிம்பு தகட்டுக்குச் சாய்வாக அமைந்துவிடும். லேசர் வெட்டு இயந்திரமோ, மடிப்பதற்கு முன்பே, தட்டைத் தகட்டில் செங்குத்தாகத்தான் வெட்டும். சாலிட்வொர்க்ஸ் என்ற வரைவு மென்பொருளில் அன்ஃபோல்ட் (விரிக்கும் கட்டளை) கொடுத்து, அசையாத முகத்தையும் தேவையான மடிப்பையும் மட்டும் தேர்ந்தெடுத்து விரித்து, தட்டையான பரப்பில் ஸ்கெட்ச் வரைந்து வெட்டியபின், அதே மடிப்பை ஃபோல்ட் மூலம் மீண்டும் மடக்க வேண்டும். இதற்கு, முழு மாடலையும் தட்டையாக்கிக் காட்டும் ஃபிளாட்டன் பொத்தானைப் பயன்படுத்தக் கூடாது. அந்நிலையில் போட்ட வெட்டு, மடித்த மாடலில் தெரியாது. இதை அறியாமல் ஒரு முழு நாளை நான் இழந்திருக்கிறேன். துளை மடிப்பைக் கடக்கத் தேவையில்லை என்றால், தகட்டுத் தடிமனின் இரண்டரை மடங்கோடு வளைவு ஆரத்தையும் கூட்டிய அளவுக்கு, அதாவது 2 மி.மீ. தகட்டில் 2 மி.மீ. ஆரத்துக்கு 7 மி.மீ., மடிப்பிலிருந்து தள்ளி வையுங்கள்.