மருந்து தெளிக்கும் பெரிய விமானம்: பரிசோதனையை எங்கிருந்து தொடங்குவது

அமெரிக்காவில் பயிருக்கு மருந்து தெளிக்கும் விமானத்தைப் பராமரிக்கப் போகிறீர்களா, முதலில் அதன் எடையைப் பாருங்கள். அனுமதிக்கப்பட்ட அதிகபட்ச புறப்பாட்டு எடை 12,500 பவுண்டைத் (சுமார் 5,670 கிலோ) தாண்டினால் எஃப்.ஏ.ஏ. (அமெரிக்க மத்திய விமானப் போக்குவரத்து நிர்வாகம்) கணக்கில் அது 'பெரிய விமானம்', இன்ஜின் ஒன்றுதான் என்றாலும். ஏர் டிராக்டர் ஏடி-802 அப்படிப்பட்டது: ஒரே டர்போபிராப் (டர்பைனால் ப்ரொப்பெல்லரைச் சுழற்றும் இன்ஜின்), 800 கேலன் ஹாப்பர் (மருந்துத் தொட்டி), அதிகபட்ச புறப்பாட்டு எடை 16,000 பவுண்டு.

சிறிய விமானத்துக்கு வருடாந்திரப் பரிசோதனையும், வாடகைக்கு ஆளேற்றிப் பறந்தால் 100 மணி நேரப் பரிசோதனையும் போதும். பெரியதற்கு எஃப்.ஏ.ஏ.வின் 91.409 விதி, முழுமையான ஒரு பரிசோதனைத் திட்டத்தைத் தேர்ந்தெடுத்துப் பராமரிப்புப் பதிவேட்டில் குறிக்கச் சொல்கிறது. தயாரிப்பாளர் பரிந்துரைக்கும் நடப்புத் திட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள், பெரும்பாலானவர்களுக்கு அதுதான் நல்லது. சொந்தமாக எழுதவும் வழி இருக்கிறது, ஆனால் அதற்கு எஃப்.ஏ.ஏ. ஒப்புதல் வேண்டும். எதுவானாலும் பரிசோதனைகளுக்கு நாள் குறிக்கும் பொறுப்பு யாருடையது என்று பெயர், முகவரியோடு திட்டத்தில் இருக்க வேண்டும், பரிசோதிக்கிற மெக்கானிக் கையிலும் ஒரு பிரதி இருக்க வேண்டும். உங்கள் விமானத்துக்கு இந்த விதியிலிருந்து விலக்கு ஏதாவது கொடுத்திருந்தால் அதன் நிபந்தனைகளை வரிவரியாகப் படித்துவிடுங்கள்.

சரி, விமானத்துக்கு வருவோம். இந்த வேலையில் இறக்கைதான் அதிகம் அடிபடுகிறது. நிறைசுமையோடு கிளம்பி, வயல் மேலே தாழப் பறந்து, ஓரத்தில் சட்டென ஏறித் திரும்பி, காலியாக இறங்கி, மறுபடி நிரப்பிக்கொண்டு கிளம்புவது என்று ஒரே நாளில் பலமுறை நடப்பதால் இறக்கையின் முக்கிய உத்திரமான ஸ்பாரில், குறிப்பாகக் கீழ்ப்பக்க போல்ட் துளைகளைச் சுற்றி, உலோகச் சோர்வால் விரிசல் விழும். கண்ணுக்குத் தெரியாத அந்த விரிசலைப் பிடிக்கத்தான் ஏர் டிராக்டர் மாடல்களுக்கு எஃப்.ஏ.ஏ. போட்ட கட்டாயப் பாதுகாப்பு உத்தரவுகளில் எடி கரண்ட் சோதனை (மின்காந்தத்தால் உலோக விரிசலைக் கண்டுபிடிக்கும் முறை) வருகிறது. எத்தனை மணி நேரத்தில் என்பது மாடலுக்கும் வரிசை எண்ணுக்கும் ஏற்ப மாறும், அடுத்த ஹேங்கர்காரர் சொன்ன கணக்கை நம்பாதீர்கள், உங்கள் வரிசை எண்ணுக்கான உத்தரவை எடுத்துப் படியுங்கள். ஆயுள் வரம்புள்ள பாகம் நன்றாகத் தெரிந்தாலும் வரம்பு வந்தால் கழற்றித்தான் ஆக வேண்டும்.

அப்புறம் அரிப்பு. உரமும் பூச்சிமருந்தும் எல்லா இடுக்கிலும் புகுந்துவிடும், அதனால் வேலை முடிந்ததும் பக்கத்தகடுகளைக் கழற்றி, உள்ளே இருக்கும் எஃகுக் குழாய்ச் சட்டம்வரை நல்ல தண்ணீரால் கழுவ வேண்டும். குழாய் இணைப்புகளில் பெயின்ட் உப்பியிருந்தால் அடியில் துரு இருக்கிறது என்றே எடுத்துக்கொண்டு சுரண்டிப் பாருங்கள். மின் கனெக்டர்கள், கன்ட்ரோல் கேபிள்கள், சீட் பெல்ட் எல்லாவற்றையும் அதே கையோடு பார்த்துவிடுங்கள். இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் கம்ப்ரஸரையும் கழுவ வேண்டும், கையேடு சொல்கிற முறையில் மட்டும்.

ஆபத்தில் சுமையைக் கொட்ட உதவும் ஹாப்பரின் அவசரக் கதவைத் தண்ணீர் நிரப்பித் திறந்து சோதியுங்கள். மக்கள் நெருக்கமாக வாழும் பகுதிக்கு மேலே தெளிக்கப் போனால், பாதிச் சுமையையாவது 45 விநாடிக்குள் கொட்டிவிட முடிய வேண்டும் என்கிறது 137.53 விதி.

கட்டாய உத்தரவுகளின் நிலையும் ஆயுள் வரம்புள்ள பாகங்களின் மணிக்கணக்கும் விமானத்தை விற்கும்போது அதோடு போக வேண்டிய பதிவுகள். வாங்குகிறவர் நீங்களாக இருந்தால், அந்தக் காகிதம் கைக்கு வராமல் பணத்தைக் கொடுக்காதீர்கள்.