பாணியை மாற்றிய மெட்டல் குழு விலைபோய்விட்டதா என்று ஆராய்வது எப்படி?

கனத்த கிட்டார் ஒலியைக் கொண்ட ராக் வகையான மெட்டலின் ரசிகர்கள் ஒரு குழுவின் மீது சுமத்தும் குற்றச்சாட்டுகளில் மிகக் கடுமையானது, அது விலைபோய்விட்டது, அதாவது பணத்துக்காகத் தன் இசையை மாற்றிக்கொண்டது என்பதுதான். வேகம் குறைந்தாலும், உறுமல் குரல் மறைந்தாலும், சிந்தசைசர் என்ற மின்னணு இசைக்கருவி நுழைந்தாலும், ஏன், உறுப்பினர்கள் முடியை வெட்டிக்கொண்டாலும்கூட இந்தத் தீர்ப்பு உடனே வந்துவிடுகிறது. பாணி மாறியிருப்பதைக் காது சொல்லிவிடும். விலைபோனார்கள் என்பதோ நோக்கத்தைப் பற்றிய குற்றச்சாட்டு. நோக்கத்தை நேரில் பார்க்க இயலாதாகையால், ஆண்டுகள், ஒப்பந்தங்கள், தயாரிப்பாளர்கள், குழுவின் பிற்காலச் செயல்கள் போன்ற தடயங்களிலிருந்தே அதை ஊகிக்க வேண்டியிருக்கிறது. அவற்றை எந்த வரிசையில் தேடலாம் என்பதை இங்கே விளக்குகிறேன்.

முதலில், குழுவின் ஆல்பங்களையும் ஒப்பந்தங்களையும் ஆண்டுவாரியாக ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். சில குற்றச்சாட்டுகள் அந்தத் தாளிலேயே உதிர்ந்துவிடும். 1983-இல் 'கில் எம் ஆல்' ஆல்பத்தின் மூலம் வேகத்துக்குப் பெயர் பெற்ற அமெரிக்கக் குழுவான மெட்டாலிகா, மறு ஆண்டே 'ரைடு தி லைட்னிங்' ஆல்பத்தில் மெல்லிய கிட்டார் மீட்டலோடு தொடங்கும் 'ஃபேட் டு பிளாக்' பாடலைச் சேர்த்தபோது, ரசிகர்களில் ஒரு சாரார் அப்போதே இந்தக் குற்றச்சாட்டை எழுப்பினார்கள். அந்த ஆல்பம் 1984-இன் தொடக்க மாதங்களில் கோபன்ஹேகனில் பதிவாகி, மெகாஃபோர்ஸ் என்ற சிறு நிறுவனத்தின் வழியாக ஜூலையில் வெளிவந்தது. எலெக்ட்ரா என்ற பெரிய நிறுவனம் அவர்களை ஒப்பந்தம் செய்தது அதற்குப் பிறகுதான். பெரிய நிறுவனத்தின் கண்ணில் படுவதற்காகவே அந்தப் பாடலை எழுதினார்கள் என்று ஒருவர் வாதிடலாம். ஆனால் அப்படித் திட்டமிட்டவர்கள், அதுவரை தாங்கள் இசைத்தவற்றுள் மிக வேகமான பாடல்களில் ஒன்றான 'ஃபைட் ஃபயர் வித் ஃபயர்' பாடலை ஆல்பத்தின் முதல் பாடலாக வைத்திருப்பார்களா?

அடுத்ததாக, ஆல்பம் பதிவான ஆண்டில் எது விற்றுக்கொண்டிருந்தது என்று பாருங்கள். புதிய பாணி அன்றைய சந்தையில் கொடிகட்டிப் பறந்த பாணியோடு ஒத்துப்போனால் சந்தேகத்துக்கு இடமுண்டு. அந்தப் பாணியை வாங்க ஆளே இல்லாதிருந்தால் சந்தேகம் பெரும்பாலும் விலகிவிடும். இந்த வேறுபாட்டைக் காட்ட, சுவிட்சர்லாந்தின் செல்டிக் ஃப்ராஸ்ட் குழுவை விடச் சிறந்த எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை, ஏனெனில் அடுத்தடுத்த இரண்டே ஆண்டுகளில் அது இரண்டு விதமாகவும் மாறிக் காட்டியது. 1987-இல் வெளிவந்த 'இன்டு தி பாண்டமோனியம்' ஆல்பத்தில் அமெரிக்க நியூ வேவ் குழு ஒன்றின் பாடல், பெண் குரல், ஆர்க்கெஸ்ட்ரா வாத்தியங்கள், மின்னணுத் தாளத்தின் மீது ஒட்டப்பட்ட விண்வெளிப் பயணக் குரல்கள் எல்லாம் இருந்தன. அப்படி ஒரு கலவையைக் கேட்டு எந்தச் சந்தையும் காத்திருக்கவில்லை. மறு ஆண்டு வந்த 'கோல்ட் லேக்' ஆல்பத்திலோ, ஊதிவிட்ட தலைமுடியும் பகட்டான கிளாம் உடையுமாக, எளிய கொண்டாட்ட ராக் பாடல்களோடு அதே குழு நின்றது. 1988-இல் இத்தகைய பாடல்களோடு பாய்சன், டெஃப் லெப்பர்டு போன்ற குழுக்கள் அமெரிக்காவில் இலட்சக்கணக்கில் விற்றுக்கொண்டிருந்தன என்பதை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். குழுத் தலைவர் டாம் காப்ரியேல் ஃபிஷரே பிற்காலத்தில் அந்த ஆல்பத்தைத் தம்முடையது என்று சொல்ல மனமில்லாதவராக இருந்தார். 2017-இல் பழைய ஆல்பங்கள் மறுபதிப்பு கண்டபோது அது மட்டும் சேர்க்கப்படவில்லை. இசையில் மிகப் பெரிய தாவல் 1987-இல் நிகழ்ந்தது. குற்றச்சாட்டு நிற்பதோ 1988-இன் மீது. மாற்றத்தின் அளவை வைத்து எடை போடக் கூடாது என்பதற்கு இதுவே போதும்.

இதே இடத்தில் ஒரு எச்சரிக்கையும் தேவைப்படுகிறது. ஒரு கருவியைக் கேட்டவுடன் தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். 1986-இல் ஜூடாஸ் ப்ரீஸ்ட் 'டர்போ' ஆல்பத்திலும், அயர்ன் மெய்டன் 'சம்வேர் இன் டைம்' ஆல்பத்திலும் கிட்டார் சிந்தசைசரைப் பயன்படுத்தின. ஒரே ஆண்டு, ஒரே நாட்டுக் குழுக்கள், ஒரே வகைக் கருவி. ஆயினும் வசை பெரும்பாலும் முன்னதற்கே விழுந்தது. மெய்டன் அந்தக் கருவியைத் தன் நீண்ட கதைப் பாடல்களுக்குள் வைத்துக்கொண்டது. ப்ரீஸ்ட் பாடலின் வடிவத்தையும் பொருளையும் சேர்த்தே இலகுவாக்கியது. ஆகவே கருவியை ஒதுக்கிவிட்டு, பாடலின் எலும்புக்கூடு மாறியிருக்கிறதா என்று கேளுங்கள். 'டர்போ' என் காதுக்கு இன்றும் உற்சாகமான ஆல்பம்தான் என்றாலும், வானொலியை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டது என்ற ஐயம் எனக்குத் தீரவில்லை.

மூன்றாவது கேள்வி, முடிவெடுத்தது யார் என்பது. ஆல்பத்தின் உறையிலேயே தயாரிப்பாளர் பெயர் இருக்கும். அவர் அதற்கு முன் யாருடைய ஆல்பங்களைச் செய்தார் என்று தேடுங்கள். மெட்டாலிகா 1990-இல் பாப் ராக் என்ற தயாரிப்பாளரை நாடியதற்குக் காரணம், மோட்லி க்ரூ என்ற கிளாம் குழுவுக்காக அவர் செய்த 'டாக்டர் ஃபீல்குட்' ஆல்பத்தின் பெருத்த ஒலி. இந்த ஒரு செய்தியைக் கொண்டே வழக்கை முடித்துவிடுபவர்கள் உண்டு. ஆனால் அதற்கு முந்தைய 'அண்ட் ஜஸ்டிஸ் ஃபார் ஆல்' ஆல்பம் 65 நிமிடங்கள் நீண்டது; அதன் தலைப்புப் பாடல் மட்டுமே ஏறத்தாழ 10 நிமிடங்கள். அந்தச் சிக்கலான பாடல்களை ஊர் ஊராக வாசித்துத் தாங்களே களைத்துப்போனதாகக் குழுவினர் கூறியிருக்கிறார்கள். அவர்கள் எளிமையை நோக்கித் திரும்ப இசை சார்ந்த காரணமும் இருந்தது என்பது இதிலிருந்து தெரிகிறது. அந்தத் தயாரிப்பாளரோடு செய்து 1991 ஆகஸ்டில் வெளியிட்ட கறுப்பு உறை ஆல்பம் அமெரிக்காவில் மட்டும் 1.6 கோடிக்கு மேல் விற்றது. இந்த எண்ணைச் சாட்சிக் கூண்டில் ஏற்றக் கூடாது. பதிவு நடந்தபோது அவர்களுக்குத் தெரிந்திருந்தவற்றை மட்டுமே கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். மெட்டாலிகா இசைத்துவந்த த்ராஷ் என்ற அதிவேக மெட்டல், வேகம் குறைந்து அடர்த்தியாக ஒலித்தால் இப்படி விற்கும் என்பதற்கு அன்று முன்னுதாரணம் எதுவும் இருக்கவில்லை. மாற்று ராக் அலையைப் பெரிதாக்கிய நிர்வானாவின் 'நெவர்மைண்ட்' கூட ஆறு வாரங்கள் கழித்தே வெளிவந்தது. பெரிய கூட்டத்தை அடைய விரும்பினார்கள் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் இருந்த மோஸ்தருக்கு வளைந்தார்கள் என்று சொல்ல முடியாது, அவர்களே ஒரு மோஸ்தரை உண்டாக்கினார்கள்.

இன்னொரு த்ராஷ் குழுவான மெகாடெத்தின் 1999 ஆல்பமான 'ரிஸ்க்' இதற்கு நேர்மாறானது. நாஷ்வில்லில் டான் ஹஃப் தயாரித்த அந்த ஆல்பத்தில், பாடல்கள் எப்படி இருக்க வேண்டும் என்பதில் மேலாளரின் சொல்லுக்கும் இடம் இருந்தது. அவரோ முன்பு வானொலியில் புகழ்பெற்ற ஃபாரினர் என்ற ராக் குழுவை நிர்வகித்தவர். பாடலை எழுதும் மேசையில் வணிகம் பார்ப்பவர் உட்கார்ந்திருந்தால் குற்றச்சாட்டுக்கு வலு கூடுகிறது. அந்த ஆல்பம் எதிர்பார்த்தபடி விற்கவில்லை என்பதால் குற்றம் குறைந்துவிடாது. சந்தைக்குக் கொண்டுபோன மாடு விற்காமல் திரும்பி வந்தாலும், விற்கத்தான் ஓட்டிப் போனார்கள்.

இசையையும் தோற்றத்தையும் தனித்தனியே விசாரிப்பதும் அவசியம். 1996-இல் 'லோடு' வெளிவந்தபோது, மெட்டாலிகாவின் குட்டை முடியும் ஆன்டன் கார்பைன் எடுத்த புகைப்படங்களும், அவர்கள் லொலாபலூசா விழாவில் முதன்மைக் குழுவாக ஏறியதும் மாற்று ராக் அலையோடு கைகோத்து நின்றன. ஆனால் ஆல்பத்தைக் கேட்டால் ப்ளூஸும் தெற்கத்திய ராக்கும்தான் மிகுதியாக ஒலிக்கின்றன. படங்களைப் பற்றி என்ன வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளுங்கள். கடைசிப் பாடலான 'தி அவுட்லா டார்ன்' ஏறத்தாழ 10 நிமிடங்கள் ஓடுவதை நினைவில் வைத்துக்கொண்டு சொல்லுங்கள்.

இந்தக் கேள்விகளை மென்மையாக மாறிய குழுக்களிடம் மட்டும் கேட்பது நியாயமாகாது. நார்வேயின் டார்க்த்ரோன், 1991-இல் டெத் மெட்டல் ஆல்பம் ஒன்றைத் தந்துவிட்டு, மறு ஆண்டே நிறுவனம் தயங்கியபோதும் இன்னும் கரடுமுரடாக ஒலிக்கும் பிளாக் மெட்டலுக்கு முழுமையாகத் தாவியது. அதை யாரும் துரோகம் என்று அழைப்பதில்லை. அதேபோல், ரசிகர்கள் கட்டாயம் வாங்குவார்கள் என்ற நம்பிக்கையில் ஒரே ஆல்பத்தை முப்பது ஆண்டுகள் திரும்பத் திரும்பச் செய்யும் குழுவும் சந்தையைக் கணக்குப் போட்டே நடக்கிறது. அந்தக் குழு ஏன் தப்பித்துக்கொள்கிறது என்பதை ரசிகர்கள்தாம் விளக்க வேண்டும்.

இறுதியாக, அவசரப்படாமல் சில ஆண்டுகள் பொறுத்திருந்து, குழு பிறகு என்ன செய்கிறது என்று பாருங்கள். மிக நம்பகமான தடயம் இதுவே என்பது என் கருத்து. சுவீடனின் ஓபெத் 2011-இல் 'ஹெரிடேஜ்' ஆல்பத்தோடு உறுமல் குரலை விட்டுவிட்டு 1970-களின் ப்ரோக்ரஸிவ் ராக்கை நோக்கித் திரும்பியது. பழைய ரசிகர்களில் பலர் விலகியபோதும், 2024 வரை புதிய ஆல்பங்களில் அந்தக் குரல் ஒலிக்கவே இல்லை. பணத்துக்காக மாறியவர்கள் பணம் வராதபோது அத்தனை காலம் பிடிவாதமாக இருக்க மாட்டார்கள். இங்கிலாந்தின் பாரடைஸ் லாஸ்ட்டுக்கும் இது பொருந்தும். மெதுவான, கனத்த டூம் மெட்டலில் வேரூன்றிய அந்தக் குழு, 1999-இல் ஈ.எம்.ஐ. போன்ற பெரிய நிறுவனத்தின் கீழ், டெபெஷ் மோட் குழுவை நினைவூட்டும் மின்னணு இசையோடு 'ஹோஸ்ட்' ஆல்பத்தை வெளியிட்டது. முதல் மூன்று கேள்விகளுக்கும் கிடைக்கும் விடைகள் குழுவுக்குச் சாதகமாக இல்லை. பின்னர் அவர்கள் படிப்படியாகக் கனமான இசைக்கும், 2015-இல் உறுமல் குரலுக்கும் திரும்பியபோது, வழக்கு முடிந்துவிட்டது என்றே தோன்றியது. ஆனால் 2023-இல், எந்த நிறுவனமும் அவர்களிடம் மின்னணு இசை கேட்டு நிற்காத நிலையில், பாடகர் நிக் ஹோம்ஸும் கிட்டார் கலைஞர் கிரெகர் மேக்கின்டோஷும் 'ஹோஸ்ட்' என்ற பெயரையே ஒரு தனிக் குழுவுக்குச் சூட்டி, அதே பாணியில் புதிய ஆல்பம் ஒன்றை வெளியிட்டார்கள். 1999-ஆம் ஆண்டு ஆல்பத்தை இன்னும் வெறுப்பவர்கள் தாராளமாக வெறுக்கலாம். அது விற்பனைக்காகப் பூண்ட வேடம் என்று மட்டும் இனிச் சொல்வதற்கில்லை.